உயர்நிலைப் பள்ளியில் விருப்பப் பாடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மகள் அடுத்த ஆண்டு உயர்நிலை வகுப்புக்குப் போகிறாள். கட்டாயப் பாடங்கள் போக ஆண்டுக்கு இரண்டு மூன்று விருப்பப் பாடங்களை அவளே எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளி கொடுத்த பட்டியலில் உளவியல், தடயவியல், வானியல், புள்ளியியல், புரோகிராமிங், பொருளாதாரம், கணக்குப் பதிவியல், ஜப்பானிய மொழி, நாடகம், மட்பாண்டக் கலை, இசைக் கோட்பாடு என்று நீளமாகப் போகிறது. மகள் தடயவியலும் உளவியலும் வேண்டும் என்கிறாள். அப்பா புரோகிராமிங் எடுத்தே ஆக வேண்டும் என்கிறார். எதை எடுப்பது, கல்லூரிகள் இதையெல்லாம் பார்க்குமா, எடுத்த பிறகு பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்பது கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். பாடத்தின் பெயரை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அந்த வகுப்பில் சாதாரணமான ஒரு நாளில் உங்கள் மகள் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருப்பாள் என்பதை விசாரித்து, அந்த வேலை அவளுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். விருப்பப் பாடங்களின் பெயர்கள் எல்லாமே கவர்ச்சியாகத்தான் இருக்கும். பெயருக்கும் உள்ளே நடக்கும் வேலைக்கும் உள்ள தூரம்தான் பல பிள்ளைகளை நடு ஆண்டில் சோர்ந்துபோக வைக்கிறது. சில சமயம் மிக நல்ல பாடத்தைத் தொடாமலே விட்டுவிடவும் வைக்கிறது.

உங்கள் மகள் கேட்கும் இரண்டு பாடங்களையே எடுத்துக்கொள்வோம்.

உளவியலுக்கு வரும் பிள்ளைகளில் பலர், மனிதர்களைப் படிக்கும் வித்தை கிடைக்கும், தன் மனதையும் புரிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையோடு வருகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் வகுப்பில் பெரும்பகுதி நேரம் போவது மூளையின் பகுதிகள், நரம்பணுக்கள், பரிசோதனையை எப்படி வடிவமைப்பது, கிடைத்த எண்களை எப்படி வாசிப்பது ஆகியவற்றில்தான். ஒரு உதாரணம் சொல்கிறேன், ஏறக்குறைய எல்லா உளவியல் பாடநூலிலும் வரும் ஆய்வு இது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 150 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். 50 பேரிடம், கார்கள் நொறுங்கும்படி மோதிக்கொண்டபோது என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். இன்னொரு 50 பேரிடம் அதே கேள்வி, ஆனால் இடித்துக்கொண்டபோது என்ற சாதாரணச் சொல்லை வைத்து. மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு வாரம் கழித்து எல்லோரிடமும், உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி எதுவும் உடையவில்லை. முதல் குழுவில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். இரண்டாம் குழுவில் 7 பேர், மூன்றாம் குழுவில் 6 பேர்.

கேட்கும்போதே சுவாரசியமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் உளவியல் வகுப்பு இங்கே முடிவதில்லை, இங்கேதான் தொடங்குகிறது. வேகத்தைப் பற்றிக் கேட்காத அந்த மூன்றாம் குழு எதற்கு? அது இல்லாவிட்டால் இந்த முடிவில் எந்தப் பகுதி ஆட்டம் காணும்? 16க்கும் 7க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க முடியுமா? படத்தில் பார்த்த விபத்தும் கண்முன் நடந்த விபத்தும் நினைவில் ஒரே மாதிரிதான் பதியுமா? இப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான் அவள் பக்கம் பக்கமாகப் பதில் எழுத வேண்டியிருக்கும். இந்தக் குடைச்சல் உங்கள் மகளுக்குப் பிடிக்கும் என்றால் உளவியல் அருமையான தேர்வு. மனிதர்களின் கதைகளில் மட்டும்தான் ஆர்வம் என்றால் இலக்கியமோ நாடகமோ அவளுக்கு அதிகம் கொடுக்கும்.

தடயவியலும் அப்படித்தான். தொலைக்காட்சித் தொடர்கள் பார்த்துவிட்டு வரும் ஆசை பெரும்பாலும் அது. நன்றாக நடத்தப்படும் தடயவியல் வகுப்பு உண்மையில் வேதியியல், உயிரியல், கணிதம் மூன்றையும் கலந்த செய்முறை வகுப்பு. வடிதாளில் மைப் புள்ளி வைத்துக் கரைப்பானில் நிற்கவைத்து, நிறங்கள் பிரிந்து ஏறும் உயரத்தை அளந்து, விகிதம் கண்டுபிடித்து, எந்தப் பேனாவின் மை என்று பார்ப்பார்கள். கைரேகைகளை வளையம், சுழல், வில் என்று பிரித்துப் பழகுவார்கள். ரத்தத் துளி தரையில் விழுந்த கோணத்தைக் கண்டுபிடிக்கும் பாடம் ஒன்று உண்டு. செங்குத்தாக விழுந்த துளி வட்டமாக இருக்கும், சாய்ந்து விழுந்தால் நீள்வட்டமாகும். கறையின் அகலத்தை நீளத்தால் வகுத்தால் அந்தக் கோணத்தின் சைன் மதிப்பு கிடைக்கும். அகலம் 4 மில்லிமீட்டர், நீளம் 8 மில்லிமீட்டர் என்றால் 0.5, அதாவது 30 டிகிரி. முக்கோணவியலைக் காகிதத்தில் மட்டும் பார்த்துச் சலித்த பிள்ளைக்கு இது கண்ணைத் திறந்துவிடும் இடம். முக்கோணவியல் இன்னும் வராத பிள்ளைக்கோ வெறும் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எழுதும் வேலையாக முடிந்துவிடும். அதனால் தடயவியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணித வகுப்பில் சைன், கோசைன் நடத்தி முடித்த பிறகு எடுத்தால் அதே பாடம் இரண்டு மடங்கு பயன் தரும். விருப்பப் பாடங்களில் எதை எடுப்பது என்று யோசிக்கும் அளவுக்கு எந்த ஆண்டில் எடுப்பது என்று யாரும் யோசிப்பதில்லை.

அடுத்து அப்பா சொல்லும் புரோகிராமிங். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பட்டியலில் இருக்கும் அந்தக் கணினிப் பாடம் எந்த வகை என்று முதலில் கேளுங்கள். ஒரே பெயரில் மூன்று விதமான வகுப்புகள் நடக்கின்றன. ஆவணம், விரிதாள், ஸ்லைடு தயாரிப்பது போன்ற அலுவலக மென்பொருள் பழக்கம் ஒன்று. இணையம் எப்படி வேலை செய்கிறது, தரவு எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று அகலமாகத் தொட்டுப்போகும் அறிமுகம் இன்னொன்று. பைத்தான், ஜாவா போன்ற மொழியில் உட்கார்ந்து நிரல் எழுதுவது மூன்றாவது. அப்பா மனதில் இருப்பது மூன்றாவது என்றால், மகள் முதல் வகையில் போய் மாட்டிக்கொண்டால் இருவருக்கும் ஏமாற்றம்தான்.

நிரல் எழுதும் வகுப்பில் நேரம் எங்கே போகும் என்றால், தவறு கண்டுபிடிப்பதில். முப்பது மாணவர்களின் சராசரி மதிப்பெண்ணைக் கணக்கிட ஒரு நிரல் எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஓடுகிறது, ஒரு எண்ணைக் கொடுக்கிறது, எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. ஆனால் எண்ணிக்கை ஒன்று குறைவாக நின்று, கடைசி மாணவரின் மதிப்பெண் கூட்டலில் சேரவே இல்லை. கணினி குறை சொல்லாது. இவள்தான் சந்தேகப்பட்டு, மூன்று பேரை மட்டும் வைத்துச் சோதித்து, காகிதத்தில் ஒவ்வொரு சுற்றாக எழுதிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அரை மணி நேரம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பதைத் தாங்கும் பொறுமை இருக்கிறதா, கண்டுபிடித்ததும் மகிழ்ச்சி வருகிறதா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. கணக்கில் புலியாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பிற்காலத்தில் எந்தத் துறைக்குப் போனாலும் ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வரிசையாகச் சொல்லத் தெரிவது கைகொடுக்கும், அதனால் ஒரே ஒரு ஆண்டாவது எடுக்கலாம் என்பது என் கருத்தும்கூட.

நீங்கள் இருவருமே கேட்காத ஒரு பாடத்தை நான் பரிந்துரைக்கிறேன்: புள்ளியியல். பட்டியலிலேயே மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் பாடம் இது. எல்லோருக்கும் வேண்டிய பாடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஏன் என்று ஒரு புகழ்பெற்ற கணக்கை வைத்துக் காட்டுகிறேன். 1973இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் ஏறக்குறைய 44 சதவீதம் பேருக்கும், பெண்களில் 35 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. பார்த்தவுடன் பாரபட்சம் என்றுதான் தோன்றும். துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது கதை மாறியது. மிகப் பெரிய ஆறு துறைகளில் நான்கில் பெண்களின் சேர்க்கை விகிதம்தான் அதிகம். ஒரு துறையில் ஆண்களில் 62 சதவீதம் பேருக்கு இடம், பெண்களில் 82 சதவீதம் பேருக்கு இடம். அப்படியானால் மொத்தக் கணக்கில் பெண்கள் எப்படிப் பின்தங்கினார்கள்? இடம் கிடைப்பதே கடினமான துறைகளுக்குத்தான் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். ஆண்கள் அதிகம் விண்ணப்பித்தது சுலபமாக இடம் கிடைக்கும் துறைகளுக்கு. இரண்டு கணக்கிலும் ஒரு எண்கூடப் பொய்யில்லை, ஆனால் சொல்லும் சேதி தலைகீழ். 1975இல் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது, இன்றைக்கும் வகுப்புகளில் பாடமாக நடத்தப்படுகிறது.

பதினாறு வயதில் இதைக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்த பிள்ளை, அதன் பிறகு செய்தித்தாளில் ஒரு சதவீதத்தைப் பார்த்தால் எதில் எத்தனை என்று கேட்கும். மருத்துவத்துக்குப் போனாலும், சட்டம் படித்தாலும், பத்திரிகைக்குப் போனாலும் இந்தப் பழக்கம் பயன்படும். உளவியல் எடுக்கப்போகிறாள் என்றால் இன்னும் நல்லது. 16க்கும் 7க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா என்று மேலே கேட்டேனே, அதற்குப் பதில் புள்ளியியலில்தான் இருக்கிறது.

புள்ளியியல் எடுத்துவிட்டோம், இனி மற்ற கணிதத்தை விட்டுவிடலாமா என்றால், கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு நாடே இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டது. பிரான்சில் பள்ளி மேல்வகுப்புகள் முன்பு இலக்கியம், பொருளாதாரம், அறிவியல் என்று பிரிவுகளாக இருந்தன. 2019இல் தொடங்கிய சீர்திருத்தத்தில் அந்தப் பிரிவுகளை எடுத்துவிட்டு, இறுதிக்கு முந்தைய ஆண்டில் மூன்று சிறப்புப் பாடங்கள், இறுதியாண்டில் அவற்றில் இரண்டு என்று மாணவர்களே எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். சுதந்திரம் கிடைத்தது, நல்ல விஷயம்தான். ஆனால் கணிதமும் ஒரு சிறப்புப் பாடமாக மாறி, எல்லோருக்கும் பொதுவான பாடத்திட்டத்திலிருந்து தனிப்பாடமாக இல்லாமல் போனது. கணிதம் படிப்பவர்களின் எண்ணிக்கை சரிந்தது, குறிப்பாகப் பெண் பிள்ளைகள் அதிகமாக விலகினார்கள். விமர்சனம் எழுந்த பிறகு, 2023இலிருந்து கணிதத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்காத மாணவர்களுக்கும் இறுதிக்கு முந்தைய வகுப்பில் வாரம் ஒன்றரை மணி நேரக் கணிதம் மறுபடியும் கட்டாயமானது.

இதில் நமக்கு வேண்டிய பகுதி இதுதான்: பிள்ளைகள் கணிதத்தை விட்டது பெரும்பாலும் பிடிக்காததால் மட்டும் அல்ல, பிடித்த வேறு இரண்டு மூன்று பாடங்களுக்கு இடம் வேண்டும் என்பதால். விட்ட பிறகு பொறியியல், பொருளாதாரம், கணினி, பல அறிவியல் துறைகள் என்று வரிசையாகக் கதவுகள் அடைபட்டுவிடும். வரலாறோ ஓவியமோ ஒரு ஆண்டு விட்டுப்போனால் பின்னால் சேர்ந்து பிடித்துக்கொள்ள முடியும். கணிதத்தில் ஒவ்வொரு ஆண்டும் போன ஆண்டின் மேல் நிற்பதால், இரண்டு ஆண்டு இடைவெளியை நிரப்புவது பெரும்பாடு. எனவே என்ன ஆவது என்று உங்கள் மகள் இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், கடைசி ஆண்டு வரை ஏதோ ஒரு நிலையில் கணிதம் தொடரட்டும்.

சரி, மொழிக்கு வருவோம். பட்டியலில் ஜப்பானிய மொழி இருக்கிறது என்றீர்கள். இங்கே மணிக்கணக்கைப் பார்க்காமல் ஆசைப்பட்டு ஏமாறுபவர்கள் நிறைய. பள்ளிப் பாடத்தை மணி நேரத்தால் அளக்கும் வழக்கம் 1906இல் அமெரிக்காவில் கார்னெகி அறக்கட்டளை வகுத்த அலகிலிருந்து பரவியது. ஒரு பாடத்தை ஒரு ஆண்டில் 120 மணி நேரம் வகுப்பில் படித்தால் ஒரு அலகு. இன்றைக்குப் பல இடங்களில் கிரெடிட் என்று சொல்வதற்கு மூலம் இதுதான். இப்போது இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள அதிகாரிகள் தொழில்முறையில் பேசும் அளவுக்குத் தேற, ஸ்பானிய மொழிக்கு 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும் ஜப்பானியம், சீனம், கொரியன், அரபு மொழிகளுக்கு 2,200 மணி நேரமும் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. பள்ளியில் இரண்டு ஆண்டு என்றால் 240 மணி நேரம். அப்படியானால் இரண்டு ஆண்டு ஜப்பானியம் எடுத்துவிட்டுச் சரளமாகப் பேசுவாள் என்று எதிர்பார்க்கக் கூடாது. இந்தக் கணக்கு ஆங்கிலம் பேசுபவர்களுக்கானது. தமிழ் பேசும் பிள்ளைக்கு ஜப்பானிய வாக்கிய அமைப்பு அவ்வளவு அந்நியமாக இருக்காது, வினைச்சொல் கடைசியில் வருவதும் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் பழகியவைதான். ஆனாலும் எழுத்து எழுத்துதான். ஹிராகனா, கட்டகனா என்ற ஒலியெழுத்து வரிசைகள் இரண்டும் சில வாரங்களில் வந்துவிடும். சீனத்திலிருந்து வந்த ‘கான்ஜி’ எழுத்துகள் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும்.

மொழியைப் பொறுத்தவரை என் ஆலோசனை எளிது. எடுத்தால் குறைந்தது மூன்று ஆண்டு தொடர்வது என்ற எண்ணத்தோடு எடுங்கள். ஒரு ஆண்டு மட்டும் இடம் இருக்கிறது, நிரப்ப வேண்டும் என்றால் வேறு பாடம் பாருங்கள். மொழியில் முதல் ஆண்டு முழுக்க வாங்கிக்கொண்டே இருப்பதுதான், பலன் தெரிவது இரண்டாம் ஆண்டின் பின்பாதியில்.

வானியல் பற்றிச் சுருக்கமாக. இரவில் தொலைநோக்கியோடு நிற்பது ஆண்டில் சில நாள்தான், மற்ற நாளெல்லாம் வரைபடமும் கணக்கும். 1912இல் ஹென்ரியெட்டா லீவிட், ஒளி கூடிக் குறையும் 25 விண்மீன்களை வைத்து, துடிக்கும் காலம் நீளமாக நீளமாக உண்மையான பிரகாசமும் அதிகம் என்று நிறுவினார். அந்த வரைபடத்தை மாணவர்களை மறுபடி வரையச் சொல்வார்கள். மடக்கை அளவுகோலில் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் வந்து விழும். அதிலிருந்துதான் அண்டங்களின் தூரத்தை அளக்கும் வழி பிறந்தது. இயற்பியல் பிடிக்கும் பிள்ளைக்குக் கொண்டாட்டம்.

பொருளாதாரமும் கணக்குப் பதிவியலும் ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே வேறு வேறு. பொருளாதாரத்தில் வாதம் அதிகம்: விலை ஏறினால் வாங்குவது எவ்வளவு குறையும், வரி போட்டால் சுமை யார் தலையில் விழும் என்று யோசித்து எழுத வேண்டும். கணக்குப் பதிவியலில் ஒழுங்கு அதிகம். 1494இல் லூக்கா பசியோலி அச்சில் விளக்கிய இரட்டைப் பதிவு முறையைத்தான் இன்றும் கற்பிக்கிறார்கள், ஒவ்வொரு நடவடிக்கையும் பற்றிலும் வரவிலுமாக இரண்டு இடத்தில் ஏறும், கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். நறுக்கென்று முடியும் வேலை பிடித்தவர்களுக்கு இது நிம்மதி தரும் பாடம்.

இப்போது கலைப் பாடங்கள். மனம்விட்டுச் சொல்கிறேன், வீடுகளில் மிக அநியாயமாக ஒதுக்கப்படுவது இவைதான். சும்மா ஓய்வுக்கு ஒரு பாடம் என்ற எண்ணம் பெற்றோரிடம் இருக்கிறது, சில பள்ளிகளிடமும் இருக்கிறது. மட்பாண்ட வகுப்பில் ஒரு வாரம் போய் நின்று பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். களிமண்ணைப் பிசைந்து காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, சக்கரத்தில் நடுமையம் பிடித்து, சுவரை ஒரே கனத்தில் எழுப்பி, பக்குவமாக உலரவிட வேண்டும். முழுக்க உலராத பாண்டத்தைச் சூளையில் ஏற்றினால், நூறு டிகிரியைத் தாண்டும்போது உள்ளே தங்கிய தண்ணீர் நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் பாண்டத்தையே வெடிக்கச் செய்துவிடும். பக்கத்தில் இருக்கும் மற்றவர்களின் வேலையும் சேர்ந்து போகும். முதல் சூடு ஏறக்குறைய ஆயிரம் டிகிரி, அதன் பிறகு மெருகு பூசி இன்னொரு சூடு. மூன்று வார வேலையை ஒரு நாள் அவசரம் கெடுத்துவிடும் என்பதைக் கையால் தெரிந்துகொள்ளும் வகுப்பு பள்ளியில் வேறு எது இருக்கிறது? தேர்வில் போல இங்கே பாதி விடைக்குப் பாதி மதிப்பெண் கிடையாது, பாண்டம் நிற்கும் அல்லது நிற்காது.

இசைக் கோட்பாட்டை எடுத்தால் காதுக்கும் கணக்குக்கும் ஒன்றாகப் பயிற்சி. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கும்போது ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் ஏறக்குறைய 1.0595 மடங்கு ஏறுகிறது. ஏழு படி ஏறினால் சுமார் 1.498 மடங்கு வரும். இயல்பாகக் காதுக்கு இனிக்கும் விகிதம் 1.5. அந்தச் சின்ன இடைவெளியைச் சகித்துக்கொண்டுதான் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறார்கள். இதைக் கேட்டே கண்டுபிடிக்கப் பழகுவார்கள், பிறகு கணக்காகவும் போட்டுப் பார்ப்பார்கள். நாடகத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: கூட்டத்தின் முன் பேச நடுங்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒத்திகைகள் பள்ளி நேரத்துக்குப் பிறகும் இழுக்கும், அந்த நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

கல்லூரிகள் பார்க்குமா என்றீர்கள். பார்க்கும், ஆனால் எப்படிப் பார்க்கும் என்பது எந்த ஏற்பாட்டில் படிக்கிறாள் என்பதைப் பொறுத்தது. 1951இல் இங்கிலாந்தில் வந்த ஏ லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வு முறையில் பெரும்பாலோர் மூன்றே பாடங்களை ஆழமாகப் படிக்கிறார்கள். அங்கே பாடத்தைத் தேர்ந்தெடுத்தாலே ஏறக்குறைய துறையைத் தேர்ந்தெடுத்தது போலத்தான். 1968இல் தொடங்கிய, பல நாட்டுப் பள்ளிகளில் உள்ள சர்வதேச பக்கலோரியட் பாடத்திட்டத்தில் ஆறு பாடம் கட்டாயம். வழக்கமாக மூன்று உயர் நிலையில் 240 மணி நேரம், மூன்று சாதாரண நிலையில் 150 மணி நேரம். அதனால் மொழி, சமூகம், அறிவியல், கணிதம் எதையும் முழுசாக விட்டுவிட முடியாது. தென் கொரியா 2025இலிருந்து எல்லா உயர்நிலைப் பள்ளிகளிலும் கிரெடிட் முறையைக் கொண்டுவந்து, மூன்று ஆண்டில் 192 கிரெடிட் சேர்த்தால் பள்ளிப் படிப்பு முடிந்தது என்று வைத்திருக்கிறது. இந்தியாவின் 2020 தேசியக் கல்விக் கொள்கையும் கலை, அறிவியல் என்று கறாராகப் பிரிக்க வேண்டாம் என்கிறது. போகும் திசை எங்கும் ஒன்றுதான், பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கூடிக்கொண்டே வருகிறது. அது கூடக்கூட, விடக் கூடாத பாடத்தை விட்டதால் வரும் சிக்கலும் கூடுகிறது.

சேர்க்கை அதிகாரிகள் பார்ப்பது பொதுவாக இரண்டு. அந்தத் துறைக்கு வேண்டிய அடிப்படைப் பாடங்கள் இருக்கின்றனவா என்பது முதலாவது, அதில் சமரசம் கிடையாது. பொறியியலுக்குக் கணிதமும் இயற்பியலும், மருத்துவத்துக்கு வேதியியலும் உயிரியலும் பெரும்பாலான இடங்களில் தேவைப்படும். தடயவியல் எடுத்தேன் என்பது வேதியியலுக்கு ஈடாகாது. தடயவியல் அறிவியலையே பட்டப்படிப்பாக எடுக்க ஆசைப்படுபவளுக்கும் பல பல்கலைக்கழகங்கள் முதலில் கேட்பது வேதியியலையும் உயிரியலையும்தான். இரண்டாவது, மீதி இடத்தை எப்படிப் பயன்படுத்தினாள் என்பது. இங்கே இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் பட்டியல் போட்டுத் தர முடியாது. பிரிட்டனின் முன்னணி ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ரசல் குழுவின் பல்கலைக்கழகங்கள் ஒருகாலத்தில் கணிதம், இயற்பியல், வரலாறு, ஆங்கில இலக்கியம் போன்ற சில பாடங்களைக் கதவு திறக்கும் பாடங்களாகப் பட்டியலிட்டு வைத்திருந்தன. பள்ளிகள் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்த கலைப் பாடங்களைக் குறைக்கின்றன என்ற விமர்சனம் எழுந்து, 2019இல் அந்தப் பட்டியலையே கைவிட்டார்கள். நான் பார்த்தவரை, எட்டுப் பாடங்களை ஒவ்வொரு ஆண்டு தொட்டுப்பார்த்த பிள்ளையைவிட, ஒன்றை மூன்று ஆண்டு பிடித்துக்கொண்டு போன பிள்ளைக்கு விண்ணப்பத்தில் எழுத விஷயம் இருக்கிறது, நேர்காணலில் பேசவும் வார்த்தை வருகிறது. அந்த ஒன்று நாடகமாக இருந்தாலும் சரி.

இனி, உங்கள் வீட்டுக்கு என்ன செய்யலாம்? முதல் ஆண்டில் உளவியலும் புரோகிராமிங்கும். மகள் கேட்டதில் ஒன்று, அப்பா கேட்டதில் ஒன்று என்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டுக்கும் முன்படிப்பு எதுவும் வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று வேறு வகை உழைப்பு கேட்பவை. ஒன்றில் வாசிப்பும் எழுத்தும், மற்றதில் சோதித்துப் பார்ப்பது. ஒரே பருவத்தில் நிறைய எழுத வேண்டிய இரண்டு பாடங்களையோ, அறிக்கை கேட்கும் இரண்டு லேப் பாடங்களையோ சேர்த்து வைத்தால் ஒப்படைக்க வேண்டிய நாள்கள் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து குவியும். மூன்றாவது இடம் இருந்தால் மட்பாண்டமோ இசையோ, அவளே சொல்லட்டும். இரண்டாம் ஆண்டில் முக்கோணவியல் முடிந்திருந்தால் தடயவியல். கடைசி ஆண்டுக்கு முன் எப்படியாவது புள்ளியியல். முதல் ஆண்டு முடிவில் எது அவளைப் பிடித்துக்கொண்டது என்று பார்த்து, அந்தத் தொடர்ச்சிக்கு ஒரு இடத்தைக் கடைசி வரை ஒதுக்கி வையுங்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். போன ஆண்டு அந்தப் பாடத்தை எடுத்த மாணவி யாரிடமாவது அவளுடைய நோட்டை ஒரு சாயங்காலம் இரவல் வாங்கி உங்கள் மகளையே புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சிலபஸ் சொல்லாததை எல்லாம் அது சொல்லும்: எவ்வளவு எழுத வேண்டும், எவ்வளவு கணக்கு, ஆசிரியர் விடைத்தாளில் என்ன திருத்துகிறார், ப்ராஜெக்ட் குழுவாகவா தனியாகவா. ஆசிரியர் யார் என்பதும் முக்கியம்தான், சுமாரான பாடத்தையும் நல்ல ஆசிரியர் தூக்கி நிறுத்திவிடுவார். ஆனால் ஆசிரியர்கள் மாறுவார்கள், அதனால் அது ஒன்றையே காரணமாக வைக்க வேண்டாம். தோழிகள் எடுக்கிறார்கள் என்பதையும் ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். கூட்டு வேலை அதிகமுள்ள வகுப்பில் பழகிய ஒருத்தி கூட இருப்பது உதவிதான். காரணங்களில் அது மூன்றாவது நான்காவதாக இருக்கட்டும்.

கடைசியாக, பிடிக்காமல் போனால். பெரும்பாலான பள்ளிகள் பருவம் தொடங்கி முதல் ஓரிரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கும். அந்தக் கெடு எந்தத் தேதி என்று முதல் நாளே கேட்டுக் குறித்து வையுங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு விலகினால் சில இடங்களில் சான்றிதழில் விலகியதாகவே பதிவாகும். கெடுவுக்குள் அவள் வந்து வேண்டாம் என்று சொன்னால், எது வேண்டாம் என்று கேளுங்கள். முதல் தேர்வில் குறைந்த மதிப்பெண் வந்ததால் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம், கடினமாக இருப்பதும் ஒத்துவராமல் இருப்பதும் வேறு வேறு. தினமும் செய்ய வேண்டிய அந்த வேலையே பிடிக்கவில்லை என்று சொல்கிறாள் என்றால், வாக்குவாதம் பண்ணாமல் மாற்றிக் கொடுங்கள். மாற்றும்போது மட்டும் இரண்டைச் சரிபார்க்க வேண்டும்: புதிய வகுப்பில் இடம் இருக்கிறதா, விடும் பாடம் அடுத்த ஆண்டு எடுக்க நினைத்திருக்கும் வேறு ஏதாவது பாடத்துக்கு முன்படிப்பாக இருக்கிறதா. இரண்டாவதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்பதைவிட அந்த அடுத்த பாடத்தின் ஆசிரியரிடமே நேரில் கேட்பது நல்லது. விதியில் இருப்பதோடு சேர்த்து, விட்ட பகுதியை விடுமுறையில் படித்து ஈடுகட்ட முடியுமா, அதற்கு எந்த அத்தியாயங்கள் போதும் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.